வைத்திய கலாநிதி அடொல்வ் குஸ்மௌல்

ஜேர்மனியின் பாடன் நாட்டிலே, கிராபன் என்னும் ஊரில், 1822 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆம் நாள் அடொல்வ் குஸ்மௌல் பிறந்தார். தந்தையாரும் வைத்தியரே. ஹைடல்பேர்க்கிற் கற்றுப் படைவைத்தியராயும் பின்பு நாட்டுப்புற வைத்தியராயும் பணிபுரிந்த இவரை நோயொன்று நடக்கவொண்ணாது முடக்கிற்று. அத்தொழிலை விட்டவர், மீண்டும் மாணாக்கராகி வூர்ஸ்பேர்க்கிலே வேர்ச்சோவிடம் பயின்றார். அந்நோய் வாராதிருப்பின் ஓர் ஊர் வைத்தியராகவே அவர் வாழ்நாள் கழிந்திருக்கும் போலும்.

1868 இல் அவர் பிறைபேர்க்கிலே பேராசிரியர். இரைப்பையிற் புற்றுநோய் உண்டாயின், வயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்து ஊகிப்பதன்றி, உயிரோடிருப்பவரிடத்து அதைக் கண்ணாற் காணும் வழி அந்நாளில் இல்லை. வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவன் தலையைப் பின்னே சாய்க்க, வாயும் தொண்டையும் உணவுக்குழாயும் ஒரே நேராவதைக் குஸ்மௌல் உணர்ந்தார். 47 சதமமீற்றர் நீளமும் 13 மில்லிமீற்றர் விட்டமுமுள்ள வளையாத குழாயை அவனுள் இறக்கி, டெசோர்மோ என்னும் பிரான்சியர் ஆக்கிய விளக்கால் ஒளி பாய்ச்சினார். குழாய் சென்றது, ஒளி போதவில்லை. ஊறிய நீரும் காட்சியை மறைத்தது. கண்டதற்கு மேலாக எதனையும் கண்டதாகக் கூறாது கருவியை ஒதுக்கிவைத்தாரே, அந்த நேர்மையை யான் பெரிதும் மதிக்கின்றேன். வித்தைக்காரனுக்கும் புகழிற் பாதி உரியது.

1881 இல் மிக்குலிச் வியன்னாவிலே மின்னொளி கொண்டு இரைப்பையை நோக்கினார். 1957 இல் ஹிர்ஷோவிற்ஸ் அமெரிக்காவிலே கண்ணாடி இழைகளால் வளையுங் குழாய் செய்தார். இன்றோ, தொடக்கநிலைப் புற்றைச் சிலரிடத்து வயிற்றைக் கீறாமலே அத்தகைய குழாய் வழியே அகற்றுகின்றனர்.

குஸ்மௌல் 1876 முதல் 1888 வரை ஸ்ட்ராஸ்பேர்க்கிற் கற்பித்து, ஹைடல்பேர்க்கிலே 1902 மே 28 ஆம் நாள் காலமானார்.