டன்லப் முற்றத்தில் உருண்ட சக்கரம்

டயர் கல் மாதிரி இருந்தால்தான் சைக்கிள் வேகமாகப் போகும் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். கோத்தா கோலா மூடா ஆற்றோரச் சாலையில், மழை விட்ட ஒரு மாலை, குழியில் இறங்கிய பின்சக்கரம் துள்ளி வழுக்கியது. முழங்கையில் நான்கு தையல். சைக்கிளை நிமிர்த்திய தாத்தா, இவ்வளவு காற்று எதற்கு என்று மட்டும் கேட்டார். சுங்கைப்பட்டாணிப் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர்.

கை ஆறும் வரை வீட்டில் இருந்தபோதுதான் ஜான் பாய்ட் டன்லப்பைப் பற்றிப் படித்தேன். பெயரைப் பார்த்து அவரைப் பொறியாளர் என்று நினைத்திருந்தேன். இல்லை, கால்நடை மருத்துவர். 1840-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, 1867-இல் அயர்லாந்துக்குப் போய், பெல்பாஸ்ட் நகரில் தொழில் நடத்தினார்.

அக்காலச் சைக்கிள்களுக்குக் கெட்டி ரப்பர் டயர்தான். கல் பாவிய தெருக்களில் மகன் ஜானியின் மூன்று சக்கர சைக்கிள் தடதடவென்று அதிர்ந்தது. டன்லப் ஒரு மரவட்டை எடுத்தார். மெல்லிய ரப்பர் குழாயை அதன்மேல் சுற்றி, துணியால் மூடி ஆணியடித்து, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் ஊதினார். பிறகு ஜானியின் சைக்கிள் சக்கரத்தையும் இதையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். கெட்டி டயர் பாதி வழியில் படுத்துவிட்டது. காற்று டயரோ கடைசி வரை ஓடி, வாசல் தூணில் மோதித் திரும்பியது. அவர் தேடியது சொகுசை. வேகம் கூடவே வந்தது. எனக்குப் புரியாமல் போனது இதுதான்: கரடுமுரடான பாதையில், கல்லுக்கு வளைந்து கொடுக்கும் டயர்தான் துள்ளாமல் முன்னே போகிறது.

1888-இல் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டு மே மாதம் வில்லி ஹியூம் என்ற வீரர் பெல்பாஸ்ட் பந்தயத்தில் இந்த டயரோடு வென்றார். அதுவரை பலருக்கு அது கேலிப்பொருள். ஆனால் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றிருந்தது பின்னர் தெரியவந்தது. டன்லப்பின் உரிமை செல்லாமல் போயிற்று. நிறுவனத்திலிருந்தும் சில ஆண்டுகளில் விலகினார். அவர் பெயரில் பிறர் பெரும்பணம் சேர்த்தார்கள். அவருக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். 1921-இல் டப்ளினில் காலமானார். அந்த நிறுவனம் பின்னாளில் மலாயாவிலேயே ரப்பர் தோட்டங்களை வைத்திருந்தது. டயருக்குப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்.

உங்கள் டயரின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள், எண்கள் புடைத்திருக்கும். என்னுடையதில் 40 முதல் 65 பி.எஸ்.ஐ. நான் 65-ஐயும் தாண்டி அடித்திருந்தேன். இப்போது முன்சக்கரத்துக்கு 45; உடல் பாரம் அதிகம் விழும் பின்சக்கரத்துக்கு 50. மழை நாளில் இரண்டிலும் சற்றுக் குறைப்பேன். ஆனால் 40-க்குக் கீழே போகமாட்டேன். போனால் குழியில் விழும்போது டியூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும், வளைவில் டயர் நெளியும். தடித்த டயர் காற்றுக் குறைந்தாலும் கையில் கெட்டியாகத்தான் படும். அதனால் அளவுமானி உள்ள பம்பு வாங்கினேன்.

தாத்தா அதை நம்புவதில்லை. முள் 50-ஐக் காட்டிய பிறகும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார்.