மூச்சுக் காத்த மேதை செவாலியர் ஜாக்சன்

முன்னேஸ்வரத் திருவிழாவாயினும் உடப்புத் தீமிதி விழாவாயினும், கச்சான் சரை ஏந்தாத சிறுவர் கையை நாம் காண்பது அரிது. அக்கச்சான் பருப்பொன்று வழிதவறி மூச்சுக்குழாயில் வீழ்ந்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை, அவ்வாறு வீழ்ந்ததை எடுக்கக் கழுத்தைக் கீறித் திறப்பதே பெரும்பாலும் வழியாயிருந்தது; மாண்டவர் பலர். அந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் அமெரிக்க வைத்தியர் செவாலியர் ஜாக்சன். அன்னாரின் வரலாறு நம் வாலிபர் யாவரும் அறியத்தக்கது.

ஜாக்சன் 1865 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் திகதி பிற்ஸ்பேர்க் நகரிற் பிறந்தார். மெலிந்த உடலினரான அவரைப் பள்ளிப் பிள்ளைகள் வெகுவாகத் துன்புறுத்தினர். கண்ணாடியிலும் மட்கலங்களிலும் சித்திரந் தீட்டிப் பொருளீட்டிக் கற்று, 1886 இல் பிலடெல்பியாவிலுள்ள ஜெபர்சன் வைத்தியக் கல்லூரியிற் பட்டம் பெற்றார்.

1897 இல் ஜெர்மனியில் குஸ்தாவ் கில்லியன் என்னும் வைத்தியர், விவசாயி ஒருவரின் மூச்சுக்குழாயிற் சிக்கிய எலும்பைக் குழாய்க் கருவியொன்றின் வழியாக எடுத்துக் காட்டினார். அம்முறையைச் செம்மைப்படுத்தியவர் ஜாக்சன். நேரான உலோகக் குழாய். அதன் உள்நுனியில் மிகச் சிறிய மின்விளக்கு. குழாயினூடே செல்லும் நீண்ட மெல்லிய இடுக்கி. கச்சான் பருப்பு நொறுங்கினால் துண்டுகள் ஆழத்தே செல்லுமாதலால், அதனை மெல்லப் பற்றும் இடுக்கி வேண்டும். திறந்த ஊக்கு இழுக்கையிற் சதையைக் கிழிக்குமாதலால், அதனை உள்ளேயே மூடும் கருவி வேண்டும். இவ்வாறு பொருளுக்கேற்ற கருவிகளை ஆராய்ந்து அமைத்தார். பிற வைத்தியர்க்கும் அக்கலையைப் பயிற்றுவித்தார். காசநோய் பன்முறை படுக்கையில் வீழ்த்தியபோதும், அக்காலத்தை நூலெழுதுவதிற் செலவிட்டார்.

நோயாளரின் மூச்சுக்குழாயிலும் உணவுக்குழாயிலும் இருந்து எடுக்கப்பட்ட 2,374 பொருட்களை அவர் சேர்த்து வைத்தார். ஊக்கு, நாணயம், பொத்தான், எலும்பு, விதை எனப் பலவகைப்பட்ட அவை பிலடெல்பியாவின் மூட்டர் அரும்பொருட்சாலையில் உள்ளன.

எனினும், எடுப்பதினும் தடுப்பதே மேலெனக் கொண்டவர் அவர். வீட்டிலுள்ள காரத்தை விழுங்கித் தொண்டை வெந்த குழந்தைகளைக் கண்டு மனம் நொந்து, பல்லாண்டு வாதாடினார். அத்தகைய பொருட்களில் நச்சு எச்சரிக்கை பொறிக்க வேண்டுமெனும் சட்டம் 1927 இல் நிறைவேறியது. 1958 ஆகஸ்ட் 16 ஆம் திகதி, தமது 92 ஆவது வயதில் இவ்வுலகை நீத்தார்.

பின்னர் ஜப்பானிய வைத்தியர் இக்கேடா வளையும் குழாயை ஆக்கினார். ஆயினும், குழந்தைகளின் மூச்சுக்குழாயிற் சிக்கியதை எடுக்க நேர்குழாயே இன்றும் பெரிதும் பயன்படுகின்றது.

அன்னாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி யாது? சின்னஞ் சிறுவர்க்குக் கச்சானும் றம்புட்டான் விதையும் எட்டாதிருக்கச் செய்வோம். ஊக்கை வாயிற் கவ்வும் வழக்கத்தை விடுவோம். உண்ணும்போது திடீரென இருமிய குழந்தை பின்னர் அமைதியுற்றாலும், ஆபத்து நீங்கிற்றென்று எண்ணாது வைத்தியசாலைக்கு விரைவோம். கண்ணுக்குப் புலப்படாததை விரலாற் துழாவி ஆழத்தே தள்ளாதிருப்போம். ஒரு குழந்தையின் மூச்சு காக்கப்படினும் அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் கைம்மாறு.