விஞ்ஞானப் பேரறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு வத்திராயிருப்பில் தோன்றினார். மதுரையிலும் சென்னையிலும் பயின்றபின், கல்கத்தா சென்று இராமனிடம் ஆராய்ச்சி மாணவரானார். 1928இல் இராமன் விளைவு வெளிப்பட்டதில் அவருக்கும் பெரும்பங்குண்டு. எனினும் ஆசானின் புகழ்நிழலிலேயே தங்கிவிடாமல், அவ்வாண்டே டாக்காப் பல்கலைக்கழகம் சென்றார்.

படிகத்தினுள் அணுக்களின் காந்தத்தன்மை எவ்வாறு அமைகிறது? இதுவே அங்கு அவர் எடுத்துக்கொண்ட வினா. மெல்லிய குவார்ட்ஸ் இழையிலே சிறு படிகத்தைக் கட்டிக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டார். அது திரும்பும் அளவைக்கொண்டே உள்ளிருக்கும் அமைப்பை உணர்ந்தார். 1947இல் புதுதில்லி தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். அவர் தலைமையில், 1952இல் ஹீலியத்தைத் திரவமாக்கும் பொறி அங்கே அமைந்தது; கடுங்குளிர் ஆராய்ச்சிக்கு வழி திறந்தது. 1961இல் அவர் மறைந்தார்.

அவ்வினா மறையவில்லை. இருநிலை கொண்ட 50 காந்த அணுக்கள் ஒன்றையொன்று பற்றினால், கூட்டுநிலைகள் 11 கோடி கோடியைக் கடக்கும், பெருங்கணிப்பொறியும் திணறும். ஆகவே, கியூபிட்டுகள் எனப்படும் மீக்கடத்திச் சுற்றுகளைக் கோத்து, கடுங்குளிரில் அவற்றையே காந்த அணுக்களைப்போல் நடக்கச்செய்து இன்று அளக்கின்றனர்.

கணக்கிட்டு அயராமல் பொருளையே நடக்கவிட்டுக் கேட்கும் இவ்வழி, கிருஷ்ணனுக்கும் உவப்பான வழியே. வேங்கடத்தின் அடியில் பௌதிகம் பயிலும் நண்பர்களே! விலையுயர்ந்த கருவி இல்லையே என்று சோரும்போது, அந்தக் குவார்ட்ஸ் இழையை எண்ணிப்பாருங்கள். முதலில் வேண்டுவது நல்ல வினா.