கணிதப் பேராசிரியர் வயர்ஸ்ட்ராஸ்

கணிதம் பயில்வோர் யாவரும் கண்டு பழகிய சின்னம் ஒன்றுண்டு. ஓர் எண்ணின் இருமருங்கும் காவலர்போல் நிமிர்ந்து நிற்கும் இரு சிறு கோடுகளே அது. அவற்றால் குறிக்கப்படுவதைத் தனி மதிப்பு என்றும், மட்டு மதிப்பு என்றும் வழங்குவர். அக்கோடுகளை இப்பொருளில் வரைந்து காட்டியவர், அந்நாளில் பட்டமோ பதவியோ இல்லாத ஓர் இளைஞர். அவரே பிற்காலத்தில் ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்ற கார்ல் வயர்ஸ்ட்ராஸ் ஆவார்.

அவர் ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா நாட்டில், ஆஸ்டன்பெல்டே என்னும் சிற்றூரில், 1815-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் பிறந்தார். அரசாங்க உத்தியோகஸ்தராகிய தந்தையார், மைந்தனும் அரசாங்கத்தில் உயர்பதவி வகிக்க வேண்டுமென விரும்பி, 1834-இல் பான் நகரச் சர்வகலாசாலைக்குச் சட்டமும் பொருளியலும் பயில அனுப்பினார். மைந்தன் மனமோ கணிதத்தை நாடிற்று. தந்தை சொல்லைத் தட்டவும் இயலாமல், தன் விருப்பத்தை விடவும் இயலாமல், அவர் நான்கு ஆண்டுகளை வாட்போர் விளையாட்டிலும் மதுச்சாலைக் களியாட்டிலும் கழித்தார். இறுதியில் பரீட்சையே எழுதாது வெறுங்கையராய் வீடு திரும்பினார். குடும்பத்தினர் உற்ற துயரம் கொஞ்சமன்று.

பின்பு குடும்ப நண்பர் ஒருவரின் யோசனைப்படி, உபாத்தியாயர் தொழிலுக்கேனும் தகுதி பெறட்டும் என்று முன்ஸ்டர் நகருக்கு 1839-இல் அனுப்பப்பட்டார். அங்கே குடர்மன் என்னும் ஆசிரியர் நிகழ்த்திய விரிவுரைகள் அவருடைய உள்ளத்தைக் கொள்ளை கொண்டன. 1841-இல் ஆசிரியர் பரீட்சையில் தேறினார். அவ்வாண்டிலேயே அந்நகரில் எழுதிய கட்டுரையில் மேற்கூறிய இரு கோடுகளையும் ஆண்டார். ஆனால் அக்கட்டுரை அச்சேறியது 1894-இல், அவருடைய நூற்றொகுதி வெளிவந்தபோதுதான். ஐம்பத்துமூன்று ஆண்டுகள் அது காத்திருந்தது.

அச்சின்னத்தின் பொருளை மாணவர் பலர் தவறாகக் கொள்கின்றனர். எண்ணின் முன்னுள்ள குறைக்குறியை நீக்கிவிடுவதே தனி மதிப்பு என்று எண்ணுவர். உண்மையில் அது தூரத்தைக் குறிப்பது. பூச்சியத்திலிருந்து வலப்புறம் ஏழடி சென்றாலும், இடப்புறம் ஏழடி சென்றாலும், கடந்த தூரம் ஏழே. ஆகையால் |7|, |−7| இரண்டும் 7-க்குச் சமம். அ என்பது குறையெண்ணாயின் |அ| என்பது −அ ஆகும். முன்னே குறைக்குறி நின்றும் அது மிகையெண்ணே; அ = −7 ஆயின் −அ என்பது 7 அன்றோ? இவ்வாறே |அ − 5| என்பது 5-லிருந்து அ நிற்கும் தூரம். அது 2-க்குக் குறைவு என்றால், அ என்பது 3-க்கும் 7-க்கும் இடையே உள்ளது என்பது பெறப்படும்.

இச்சிறு கருத்தைக் கொண்டே வயர்ஸ்ட்ராஸ் பெருங்காரியம் சாதித்தார். ஒரு கணியம் ஓர் எல்லையை நெருங்குகிறது என்பதை முன்னோர் பலர் தெளிவின்றிக் கூறிவந்தனர். எவ்வளவு சிறிய மிகையளவை ஒருவர் குறித்தாலும், எல்லைக்கும் கணியத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் தனி மதிப்பு ஒரு நிலைக்குப்பின் அவ்வளவிற்குள் அடங்கி நிற்குமென்று காட்ட வேண்டும் என அவர் வரையறுத்தார். கணியம் எப்புறத்திலிருந்தும் நெருங்கலாமாதலின், திசையை விட்டுத் தூரத்தை மட்டும் அளக்கும் தனி மதிப்பு இங்கே இன்றியமையாததாயிற்று. இத்தகைய திட்பத்தினால், எங்கும் தொடர்ச்சியுடையதாயினும் ஓரிடத்தும் வகைக்கெழு இல்லாத சார்பொன்றை அவர் 1872-இல் பெர்லின் கழகத்தின் முன் வைத்தபோது கற்றோர் திகைத்தனர்.

இப்புகழ் அவருக்கு எளிதில் வந்ததன்று. 1842 முதல் டாய்ச் குரோனே என்னும் ஊரிலும், 1848 முதல் பிரௌன்ஸ்பர்க்கிலும் பள்ளி ஆசிரியராக உழைத்தார். கணிதத்தோடு கையெழுத்து, தேகப்பயிற்சி முதலியவற்றையும் சிறுவர்க்குக் கற்பித்தார். பகலெல்லாம் பள்ளி வேலை. தம் ஆராய்ச்சிக்கோ எஞ்சிய பொழுதே. தம் ஆராய்ச்சி ஒன்றைப் பள்ளியின் ஆண்டறிக்கையில் வெளியிட்டார். அதனை ஒருவரும் கவனிக்கவில்லை. 1854-இல் பேர்பெற்ற கணிதப் பத்திரிகையொன்றில் அவருடைய கட்டுரை வந்ததும் அறிஞருலகம் வியப்புற்றது. கோனிக்ஸ்பர்க் சர்வகலாசாலை அவ்வாண்டே கௌரவப் பட்டம் அளித்தது. 1856-இல் பெர்லினில் ஆசிரியப் பதவி கிட்டிற்று. அப்பொழுது அவருக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது.

உடல்நலமோ குன்றிற்று. 1861-இன் இறுதியில் அவர் நோயுற்று வீழ்ந்தார். மீண்டும் பணியேற்றபோது, தாம் அமர்ந்தபடி விரிவுரை நிகழ்த்த, மாணவர் ஒருவர் கரும்பலகையில் எழுதுவார். 1870-இல் ருஷ்ய தேசத்துப் பெண்மணி ஸோபியா கோவலெவ்ஸ்காயா கல்வி நாடி வந்தார். பெண்களுக்குப் பெர்லின் வகுப்புகளில் இடமில்லை. வயர்ஸ்ட்ராஸ் நான்கு ஆண்டுகள் தாமே தனியாகப் பாடம் சொல்லி, 1874-இல் காட்டிங்கன் சர்வகலாசாலையில் அவர் டாக்டர் பட்டம் பெறத் துணைபுரிந்தார். பின்பு ஸ்டாக்ஹோமில் பேராசிரியை ஆகிய அம்மையார் 1891-இல் காலமானபோது, ஆசிரியர் ஆறாத் துயருற்றார். தமக்கு அவர் எழுதிய கடிதங்களை எரித்துவிட்டார். 1897 பிப்ரவரி 19-ஆம் நாள் தாமும் உலகை நீத்தார்.

பான் நகரில் பின்னோக்கிச் சென்ற நான்கு ஆண்டுகளை மட்டும் கண்டு எவரேனும் அவரை அளந்திருப்பின், எத்துணைப் பிழை நேர்ந்திருக்கும்! பரீட்சையில் தவறிய மாணவனையும், சிற்றூர்ப் பள்ளியில் அறியப்படாது உழைக்கும் உபாத்தியாயரையும் காணுங்கால், இப்பெரியாரின் வரலாற்றை நாம் நினைவுகூர்தல் நலம்.