கல்லைத் தேடினார், கலையைக் கண்டார்!

பாறைகளை ஆராய்ந்த விஞ்ஞானி ஒருவர், பெரிய அருங்காட்சியகத்தின் கலைக் காப்பாளர் ஆனார். எப்படி? படியுங்கள், குட்டீஸ்!

அவர் பெயர் ஆனந்த குமாரசாமி. 1877 ஆகஸ்ட் 22-ல் கொழும்பில் பிறந்தார். தந்தை முத்து குமாரசாமி, இலங்கைத் தமிழர், புகழ்பெற்ற வழக்கறிஞர். தாய் எலிசபெத், ஆங்கிலேயர். ஆனந்தாவுக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே தந்தை இறந்துவிட்டார். தாயிடம் இங்கிலாந்தில் வளர்ந்தார்.

லண்டனில் தாவரவியலும் நிலவியலும் படித்தார். பிறகு, இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு இயக்குநர் ஆனார். அங்கே 'தோரியனைட்' என்ற புதிய கனிமத்தைக் கண்டறிந்தார்.

கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவரின் கண்ணில் வேறொன்றும் பட்டது. தச்சர், குயவர், நெசவாளர், ஓவியர் எல்லாரும் தொழிலை இழந்துகொண்டிருந்தார்கள். இயந்திரத்தில் செய்த பொருட்கள் கப்பலில் வந்து குவிந்ததுதான் காரணம்.

ஒரகடம் தொழிற்சாலைகளில் ஒரே மாதிரிப் பாகங்கள் வரிசையாக வெளிவரும். பக்கத்துக் காஞ்சிபுரத்திலோ, ஒரு பட்டுச் சேலை முடியவே பல நாள் ஆகும். அந்தக் கைத்திறன் ஒருமுறை அழிந்தால் திரும்ப வராது என்று ஆனந்தா கவலைப்பட்டார். கைவினைஞர்களின் கலையைப் பற்றி 1908-ல் பெரிய புத்தகமே வெளியிட்டார்.

அடுத்து இந்தியா முழுவதும் சுற்றினார். யாரும் பெரிதாக மதிக்காத ராஜபுத்திர ஓவியங்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். அவரும் படம் வரைவார் என்பதால், ஒவ்வொரு கோட்டின் அருமையும் அவருக்குப் புரிந்தது.

காசியில் தேசிய அருங்காட்சியகம் அமைத்தால், சேர்த்ததை எல்லாம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அது நிறைவேறவில்லை. 1917-ல் அந்த ஓவியங்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போயின. அவரும் அங்கேயே இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளர் ஆனார். 30 ஆண்டுகள் பணியாற்றினார்.

இந்தியச் சிற்பங்களை விநோத உருவங்களாகப் பார்த்த மேல்நாட்டினருக்கு அவற்றின் பொருளை விளக்கினார். 1918-ல் வெளியான 'சிவ நடனம்' பற்றிய நூல் அவருக்குப் பெரும் புகழ் தந்தது. நடராஜர் கையில் உள்ள உடுக்கை படைத்தலையும், தீ அழித்தலையும், அபயம் தரும் கை காத்தலையும் குறிக்கும் என்பதை உலகம் அறிந்தது.

1947-ல் இந்தியா விடுதலை பெற்றது. அதே மாதம் அவருக்கு 70 வயது. வேலையை விட்டு இந்தியாவுக்கே வந்து வாழ ஆசைப்பட்டார். ஆனால், செப்டம்பர் 9-ம் தேதி அமெரிக்காவில் காலமானார்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராஜர் சிலை இருக்கிறது. அடுத்த முறை போகும்போது வேகமாகக் கடந்துவிடாதீர்கள். நின்று, ஒவ்வொரு கையாகப் பாருங்கள். ஆனந்த குமாரசாமி பார்த்ததுபோல!