கியர் மாத்துறது கேவலமா? மலையோடு மல்லுக்கட்டிய வெலோசியோவின் கதை!

மேட்டுல சைக்கிள் மிதிக்கிறப்போ மூச்சு முட்டுதா? விரலால ஒரு லீவரைத் தட்டினா போதும், பெடல் லேசாகிடும். மவுன்டெய்ன் பைக் ஓட்டுற எல்லாருக்கும் இது பழகிப்போன விஷயம். ஆனா, 120 வருஷத்துக்கு முன்னாடி பிரான்ஸில் இதை சோம்பேறிங்க வேலைன்னு கேலி பண்ணினாங்க. அந்தக் கேலியைக் கண்டுக்காம கடைசி வரைக்கும் மலையேறியவர் போல் தெ விவி. சைக்கிள் உலகம் அவரை வெலோசியோ என்ற புனைபெயரில்தான் கொண்டாடுகிறது.

பட்டு வியாபாரி டு சைக்கிள் கடை

1853-ல் தெற்கு பிரான்ஸின் பெர்ன் என்ற சிற்றூரில் பிறந்தவர். செயின்ட் எத்தியென் நகரத்தில் பட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தார். 1881-ல், 28 வயதில் முதல் சைக்கிள் வாங்கினார். முன்சக்கரம் நெஞ்சு உயரத்துக்கு நிற்குமே, அந்தப் பழைய மாடல். 100 கி.மீ தூரத்தை ஆறு மணி நேரத்தில் கடக்க முடியுமா என்று நண்பர் ஒருவர் சவால் விட, மலைப்பாதையில் லா ஷேஸ் தியு என்ற பழைமையான மடாலய ஊர் வரைக்கும் மிதித்தார். வழியில் பார்த்த மலையும் காடும் அவரை மொத்தமா மாத்திடுச்சு.

1887-ல் பட்டு வியாபாரத்தை விட்டுட்டு சைக்கிள் கடை திறந்தார். அதே வருஷம் ஒரு சைக்கிள் பத்திரிகையும் ஆரம்பித்தார்.

பைப் புகைத்த வாசகர்

செயின்ட் எத்தியெனை ஒட்டி பிலா மலைத்தொடர். அங்கே 1,161 மீட்டர் உயரத்தில், அடர்ந்த காட்டுக்கு நடுவே ஒரு கணவாய். பெயர் கோல் தெ லா ரெபுப்லிக். 1889-ல் வெலோசியோ இதில் திணறித் திணறி ஏறிக்கொண்டிருந்தபோது, அவருடைய பத்திரிகையின் வாசகர் ஒருவர் ஜாலியா பைப் புகைத்தபடி ஓவர்டேக் பண்ணிப் போயிட்டாராம்!

அப்போ எல்லா சைக்கிளுக்கும் ஒரே கியர்தான். மேடு ஏற வசதியா சின்ன கியர் வெச்சா, சமவெளியில் எவ்வளவு மிதிச்சாலும் வேகம் வராது. பெரிய கியர் வெச்சா மலையில் கால் கழண்டுடும். அப்போ ரெண்டுமே வேணும்! முன்பக்கம் இரண்டு பல்சக்கரங்களைப் பொருத்தினார். கியர் மாத்தணும்னா கீழே இறங்கி, செயினைக் கையால் தூக்கி வைக்கணும். பிறகு அதையே நான்கு கியர் ஆக்கினார்.

வீரமா, பயணமா?

டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை ஆரம்பித்த ஆன்ரி தெகிரான்ஜுக்கு இது சுத்தமா பிடிக்கலை. கியர் மாத்துறதெல்லாம் 45 வயசு தாண்டினவங்களுக்குத்தான் என்று எழுதினார். தசை பலத்தால் ஜெயிக்கணும், மெஷினால் இல்லை என்பது அவர் கட்சி. 1903-ல் நடந்த முதல் டூர் இதே ரெபுப்லிக் கணவாய் வழியாகத்தான் போனது. வீரர்கள் ஒற்றை கியரில் ஏறினார்கள்.

வெலோசியோவின் கணக்கே வேற. சைக்கிள் சாம்பியன்களுக்கு மட்டுமானதல்ல, சாதாரண உடம்புக்காரர்களும் மலையைப் பார்க்கணும். பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிடு, தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குடி, வீம்புக்காக மிதிக்காதே என்பதுதான் தன் வாசகர்களுக்கு அவர் சொன்ன பாடம். சைவ உணவுக்காரர். ஈஸ்டர் விடுமுறை வந்தால் நண்பர்களோடு புரொவான்ஸுக்கு சைக்கிளிலேயே கிளம்பிவிடுவார். கியர் வைத்த சைக்கிள் என்ன செய்யும் என்பதை ஊர் ஊராக ஓட்டியே காட்டினார்.

ஏழு வருஷம் லேட்!

1930-ல், 76 வயதில், செயின்ட் எத்தியென் தெருவில் டிராம் மோதி இறந்துபோனார். ஓடும்போதே கியர் மாத்தித் தரும் டிரெய்லர் கருவிக்கு டூர் தெ பிரான்ஸ் அனுமதி கொடுத்தது 1937-ல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.

ஆனா, அவர் திணறிய அந்தக் கணவாயில் இன்று அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கு. 1922-ல், அவர் உயிரோடு இருந்தபோதே, அவர் பெயரில் ஒரு மலையேற்ற நாள் தொடங்கினார்கள். பிலா காட்டுப் பாதைகளில் இப்போது மவுன்டெய்ன் பைக்குகளும் ஏறுகின்றன. யாரும் செயினைத் தூக்கி வைக்கக் கீழே இறங்குறதில்லை. சின்ன கியருக்கு மாறுறதுக்கு யாரும் வெட்கப்படுறதும் இல்லை.