பெங்களூர் நாகரத்தினம்மாள்

பெங்களூர் நாகரத்தினம்மாள் (நவம்பர் 3, 1878 - மே 19, 1952) கருநாடக இசைப் பாடகியும், பன்மொழிப் புலமையாளரும், பதிப்பாளரும் ஆவார். திருவையாற்றில் காவிரிக் கரையில் சிதைந்து கிடந்த தியாகராஜரின் சமாதியை மீட்டு, தமது நகைகளையும் பிற உடைமைகளையும் விற்ற பொருளைக் கொண்டு அங்கு கோயில் எழுப்பியவர் இவரே. தாம் கட்டிய கோயிலின் முன் பெண்கள் பாடும் உரிமைக்காகவும் பல ஆண்டுகள் போராடி வெற்றி பெற்றார்.

பிறப்பும் இளமையும்

நாகரத்தினம்மாள் மைசூருக்கு அருகிலுள்ள நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாய் புட்டலட்சுமி தேவதாசி மரபைச் சேர்ந்தவர். தந்தை சுப்பாராவ் குடும்பத்தைக் கைவிட்டதால், மைசூர் அரசவை சமசுகிருத அறிஞரான கிரிபட்ட திம்மய்யாவின் ஆதரவில் தாயும் மகளும் வாழ்ந்தனர். நாகரத்தினம் அவரிடம் சமசுகிருதமும் இசையும் பயின்றார். அந்த ஆதரவும் நிலைக்கவில்லை. பின்னர் பெங்களூருக்கு வந்து, தியாகராஜரின் சீடர் வழியில் வந்த முனுசாமப்பா என்பவரிடம் இசைப் பயிற்சி பெற்றார். கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மொழிகளையும் கற்றார். பதினான்காவது அகவையில் தாயை இழந்தார்.

இசை வாழ்க்கை

நாகரத்தினம்மாள் தமது பதினைந்தாவது அகவையில் மேடையேறினார். மைசூர் அரசவையின் ஆதரவையும், மைசூர் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த நரஹரி ராவின் ஆதரவையும் பெற்றார். பின்னர் சென்னைக்குக் குடிபெயர்ந்து அங்கு முன்னணிப் பாடகியாக விளங்கினார். கச்சேரிகளுடன் அரிகதை நிகழ்த்துவதிலும் பெயர் பெற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமபோன் இசைத்தட்டுகளிலும் பாடினார். வித்யா சுந்தரி என்பது இவருக்கு வழங்கப்பட்ட பட்டமாகும்.

அக்காலத்தில் தேவதாசிப் பெண்கள் கச்சேரிகள் மூலம் ஈட்டிய பொருளும், புரவலர்கள் வழங்கிய அணிகலன்களும் அவர்களது சொந்த உடைமைகளாக இருந்தன. பிற குடும்பங்களில் பெண்களுக்குச் சொத்துரிமை பெரும்பாலும் இல்லாதிருந்த நிலையில், இம்மரபில் தாயின் சொத்து மகளுக்குச் சென்றது. நகைகள் முதுமைக் காலத்திற்கான சேமிப்பாகவும், கலைஞரின் தகுதியைக் காட்டும் அடையாளமாகவும் கருதப்பட்டன. நாகரத்தினம்மாள் பின்னாளில் தமது நகைகளை விற்றதன் பொருளை இப்பின்னணியிலேயே புரிந்து கொள்ள வேண்டும்.

ராதிகா சாந்த்வனம்

18ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவிஞர், ராதிகா சாந்த்வனம் என்ற தெலுங்கு நூலை இயற்றினார். 1887-இல் அச்சான பதிப்பில் பல பாடல்களும், ஆசிரியர் தமது தாய், பாட்டி ஆகியோரைப் பற்றிக் கூறும் முன்னுரைப் பகுதியும் விடுபட்டிருந்தன. இதைக் கண்டறிந்த நாகரத்தினம்மாள், சுவடியுடன் ஒப்பிட்டு 1910-இல் முழுமையான பதிப்பை வெளியிட்டார். வாவிள்ள இராமசாமி சாஸ்திரிலு நிறுவனம் அதை அச்சிட்டது.

நூலில் உள்ள சிருங்காரச் சுவையைச் சமூகச் சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம் உள்ளிட்டோர் கடுமையாகக் கண்டித்தனர். ஆண் கவிஞர்களின் இத்தகைய பாடல்களை ஏற்கும் உலகம், ஒரு பெண்ணின் பாடல்களை மட்டும் இழிவாகக் கருதுவது ஏன் என்பது நாகரத்தினம்மாளின் வாதமாக இருந்தது. 1911-இல் காவல்துறை நூலின் படிகளைப் பறிமுதல் செய்தது. 1947-இல், த. பிரகாசம் முதலமைச்சராக இருந்தபோது இத்தடை நீக்கப்பட்டது.

தியாகராஜர் சமாதி

தியாகராஜர் (1767 - 1847) இறப்பதற்குச் சற்று முன்னர் துறவறம் ஏற்றார். துறவிகளின் உடலை எரிப்பது வழக்கமில்லை என்பதால் அவர் திருவையாற்றில் காவிரிக் கரையில் அடக்கம் செய்யப்பட்டார். சீடர்கள் பல ஊர்களில் வாழ்ந்ததால் அவ்விடம் கவனிப்பாரற்றுப் போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் ஆகிய முதிய சீடர்கள் சமாதியைச் சீர்படுத்தினர். எனினும் அது மீண்டும் பாழடைந்தது.

நாகரத்தினம்மாளின் குருவான மைசூர் பிடாரம் கிருஷ்ணப்பா, சமாதியின் நிலையை இவருக்குத் தெரிவித்தார். நாகரத்தினம்மாள் திருவையாற்றுக்குச் சென்று நேரில் கண்டு, அவ்விடத்தைப் பெற ஏற்பாடு செய்தார். அக்டோபர் 27, 1921 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டுமானச் செலவுக்காகத் தமது நகைகளை விற்றார். வீடு உள்ளிட்ட பிற உடைமைகளையும் இப்பணிக்கே செலவிட்டார். தியாகராஜரின் கற்சிலை செய்விக்கப்பட்டு, கருவறை கட்டி முடிக்கப்பட்டு, ஜனவரி 7, 1926 அன்று குடமுழுக்கு நடைபெற்றது. தியாகராஜர் மறைந்து ஏறத்தாழ 79 ஆண்டுகள் கழித்தே அவருக்குக் கோயில் அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆராதனையும் பெண்கள் கட்சியும்

தியாகராஜரின் நினைவு நாளான தை மாதத் தேய்பிறை பஞ்சமியில் ஆராதனை நடத்தும் வழக்கம் இதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. பாகவதர்களிடையே ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் அது பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரண்டாகப் பிரிந்திருந்தது. இரு தரப்பினரும் பெண்கள் பாடுவதற்கு இடமளிக்கவில்லை. கோயிலைக் கட்டிய நாகரத்தினம்மாளுக்கும் அங்கு அரிகதை நிகழ்த்த அனுமதி மறுக்கப்பட்டது.

வழக்குமன்றத்தில் வாதாடிக்கொண்டு மட்டும் இராமல், இவர் மாற்று வழி ஒன்றையும் கண்டார். 1927-இல் கோயிலின் பின்புறத்தில் பெண் கலைஞர்களைக் கொண்டு தனியே ஓர் ஆராதனையைத் தொடங்கினார். முன்புறம் ஆண்கள் பாட, பின்புறம் பெண்கள் பாடினர். இது பெண்கள் கட்சி என அழைக்கப்பட்டது. இவ்வாறு ஒரே நினைவு நாளில் மூன்று ஆராதனைகள் பல ஆண்டுகள் நடைபெற்றன.

1940-இல் எஸ். ஒய். கிருஷ்ணசாமி, முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலானோரின் முயற்சியால் மூன்று தரப்பினரும் ஒன்றிணைந்தனர். தியாகப்பிரம்ம மகோற்சவ சபையின் கீழ் 1941 முதல் ஒரே ஆராதனை நடைபெறலாயிற்று. பெண்களும் சமாதியின் முன் பாடும் உரிமை பெற்றனர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை அனைவரும் சேர்ந்து பாடும் வழக்கமும் இக்காலத்தை ஒட்டியே நிலைபெற்றது.

தேவதாசிகள் சங்கம்

1927-இல் சென்னை சட்டமன்றத்தில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராக முன்வைத்த முயற்சியை நாகரத்தினம்மாள் எதிர்த்தார். சென்னை மாகாணத் தேவதாசிகள் சங்கத்தின் தலைவராக இருந்து அரசுக்கு முறையீடு அளித்தார். தங்களைக் கலைஞர்களாகக் கருதாமல் ஒரே வகையில் இழிவுபடுத்துவதையும், சொத்துரிமை பறிபோவதையும் இவர் ஏற்கவில்லை. அம்மரபில் பெண் குழந்தைகள் சுரண்டப்பட்டதை ஒழிப்பதே முத்துலட்சுமி ரெட்டியின் நோக்கமாக இருந்தது. அவரும் தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்தவர். இறுதியில் 1947-இல் பெண்களைக் கோயில்களுக்கு அர்ப்பணிப்பதைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது. இவ்விரு பெண்களின் நிலைப்பாடுகளும் ஆய்வாளர்களால் தொடர்ந்து விவாதிக்கப்பட்டு வருகின்றன.

இறுதிக் காலமும் உயிலும்

நாகரத்தினம்மாள் தமது இறுதிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். 1949-இல் எழுதிய உயிலில் தமது எஞ்சிய சொத்து முழுவதையும் சமாதியின் பராமரிப்புக்காக அமைக்கப்பட்ட அறக்கட்டளைக்கு அளித்தார். சாதி, பால் வேறுபாடின்றி அனைவரும் அங்கு வழிபடலாம் என்பதும், தேவதாசி மரபினர் உள்ளிட்ட பெண்கள் இசைத் தொண்டு செய்வதைத் தடுக்கக் கூடாது என்பதும் அதன் முக்கிய நிபந்தனைகளாகும். ஒருமுறை பெற்ற உரிமை பின்னாளில் பறிக்கப்படாதிருக்க, சொத்துடன் அதைப் பிணைத்து வைத்தார் எனலாம்.

மே 19, 1952 அன்று தமது 73ஆவது அகவையில் காலமானார். தியாகராஜர் சமாதிக்கு அருகிலேயே இவருக்கும் நினைவிடம் எழுப்பப்பட்டது. அங்குள்ள சிலையில் நாகரத்தினம்மாள் அமர்ந்த நிலையில், தாம் எழுப்பிய கோயிலை நோக்கிக் கைகூப்பியவாறு காட்சியளிக்கிறார்.

தஞ்சாவூரிலிருந்து சுமார் 13 கி.மீ. தொலைவிலுள்ள திருவையாற்றில் ஆண்டுதோறும் நடைபெறும் ஆராதனையில் ஆண்களும் பெண்களும் ஒரே பந்தலில் அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகின்றனர்.